மரியாதைக்குரிய கதிரை

மட்டக்களப்பு வாவிக்குள்ளே மாந்தீவு. தொழுநோயாளரை ஒதுக்கிவைக்க வெள்ளைக்காரன் தேர்ந்த இடம். சுற்றிவரத் தண்ணீர், மதில் கட்டும் செலவு மிச்சம். ஒதுக்குவதற்கு 1901ஆம் ஆண்டுச் சட்டமும் கையில் இருந்தது.

1980களில் கூட்டு மருந்து வந்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ குளிசை போட்டால் சுகம். காசும் கட்டத் தேவையில்லை. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. பெயர்தான் அப்போது தொற்றத் தொடங்கும், கிளினிக் வாசலிலிருந்து மீன் சந்தை வரைக்கும்.

இப்போது நாங்கள் திருந்திவிட்டோம். கருத்தரங்குகளில் 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்றுதான் சொல்லுவோம். அவரே வந்து பக்கத்தில் இருந்தால், கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொள்வோம். தேத்தண்ணி அவருக்கு மட்டும் காகிதக் கோப்பையில். சுகாதாரமாம்! கிளினிக் வரிசையில் இந்த நாகரிகத்துக்கு நேரமேது? "அந்தக் குட்டக்காரன்ர கார்ட் எங்க?" என்ற குரல் மருந்து கொடுக்கும் யன்னல் வரைக்கும் கேட்கும்.

பண்பாகப் பேசுகிறவர் கலியாணத் தரகர் ஒருவர்தான். சுகமாகிப் பல வருடமான மனிசனின் மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது குரலைத் தணிப்பார்: "அப்பாக்குத் தோலில சின்ன வருத்தம் இருந்ததுதான். வீட்டோட ரெண்டு ஏக்கர் வயலும் எழுதினா, அது இன்னும் நல்லாச் சுகமாயிரும்."