கடலடியிலிருந்து நமது நிருபர்

ஸ்கூபா பத்திரிகைக்குக் கட்டுரையும் படமும் அனுப்புகிறவரைப் பார்க்கக் கடலுக்குள் குதிக்க வேண்டியதில்லை. விமான நிலையத்தில் பெட்டி எடை போடும் இடத்திலேயே அகப்படுவார். எடை கூடிப்போனால் நாமெல்லாம் ஊறுகாய் பாட்டிலை எடுக்கலாமா வேண்டாமா என்று தவிப்போம். இவர் மாற்றுத் துணியை யோசிக்காமல் எடுத்து வெளியே வைத்துவிடுவார். உள்ளே இருப்பது கேமரா, அது நனையாமல் காக்கும் அலுமினிய ஹவுசிங், இரண்டு ஸ்ட்ரோப் விளக்குகள், அவற்றைத் தாங்கும் கம்பிக் கைகள். பல சமயம் கேமராவைவிட ஹவுசிங்குக்குத்தான் விலை அதிகம். பத்திரிகை தரும் சன்மானம் அந்த ஹவுசிங்கின் ஒரு திருகுக்குக் காணுமா என்று கேட்டுவிடாதீர்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

நம் ஆளுக்குச் சென்னையில் கணினிக் கம்பெனி வேலை. புதுச்சேரியில் மூழ்கக் கற்றுக்கொண்டு, ஹேவ்லாக் தீவில் கிறுக்குப் பிடித்து, இந்தோனேசியாவில் முற்றிவிட்ட கேஸ்.

படகில் சாப்பாட்டு மேசையின் பாதி அவருடையது. அங்கே உட்கார்ந்து ஹவுசிங்கின் ஓ-ரிங்கைக் கழற்றி, தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற பவ்யத்தோடு சிலிக்கோன் கிரீஸ் தடவுவார். அந்த ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினால் போதும், கடல் உள்ளே வந்துவிடும், கேமராவுக்குத் திவசம்தான். ஆகவே நீளக் கூந்தல் உள்ள யாரும் அந்தப் பக்கம் வந்தால் முறைப்பார். வழுக்கைத் தலையர்களிடம் மட்டும் சிநேகமாகப் பேசுவார்.

இத்தனை ஆயத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீட்டர் இறங்குவதற்குள் செக்கச்செவேலென்ற மீன் அழுக்குச் சாம்பலாகிவிடும். இருபது மீட்டரில் கையைக் கீறிக்கொண்டால் ரத்தமே பச்சையாகத் தெரியும். ஸ்ட்ரோப் வெளிச்சம் அடித்தால்தான் இழந்த நிறம் திரும்பும். பத்திரிகையில் நாம் பார்த்துச் சொக்கிப்போகும் வண்ணக் கோலாகலத்தை, அங்கேயே பிறந்து வளர்ந்த மீன்கள்கூடப் பார்த்திருக்காது. விளக்கை நேராகப் பிடித்துவிட்டாலோ, நீரில் மிதக்கும் தூசெல்லாம் மின்னிப் படத்தில் பனி பெய்யும். அப்போது அவர், "எவனோ துடுப்பால மணலைக் கிளப்பிட்டான்" என்பார். மணலில் குப்புறப் படுத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

சுலவேசித் தீவின் லெம்பே நீரிணை இவர்களுக்குக் காசி. பவளமும் பளிங்கு நீரும் தேடி அங்கே யாரும் போவதில்லை. கறுப்பு மணலில் ஒளிந்திருக்கும் விநோத ஜந்துக்களுக்காகப் போகிறார்கள். அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒரு கம்பியால் சிலிண்டரை டிங் டிங் என்று தட்டிக் கடல்விசிறியைக் காட்டுவார். அதில் இரண்டு சென்டிமீட்டர்கூடத் தேறாத குட்டிக் கடற்குதிரை ஒன்று விசிறியின் முடிச்சோடு முடிச்சாகத் தொற்றிக்கொண்டிருக்கும். 1969இல் நூமியா மீன் காட்சியகத்துக்குக் கடல்விசிறி சேகரித்த பார்ஜிபான் என்பவர் கண்ணில் இந்த இனம் தற்செயலாகப் பட்டது. அதன் அறிவியல் பெயரிலேயே அவர் பெயர் நிலைத்துவிட்டது. லெம்பேயில் தினசரி அதைத் தேடிப்பிடித்துத் தருகிற வழிகாட்டியின் பெயரோ நம்மவர் கட்டுரையில்கூட வராது. "அப்போது என் கண்ணில் பட்டது" என்றுதான் எழுதுவார். எனக்கு அவரிடம் பிடிக்காத ஒரே குணம் இது.

கட்டுரை என்றதும் நினைவுக்கு வருகிறது. முகக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரையேறி, சென்னை வந்து, கட்டுரை எழுதி முடித்த பிறகும் நம்மவருக்கு அது சிறுப்பதே இல்லை. முதல் வாக்கியத்தில் சுறா வட்டமிடும். இரண்டாம் பத்தியில் காரணமே இல்லாமல் விமான நிலையத்துக்குத் திரும்பிப் போவோம். விடுதிக்காரர் இலவசமாகத் தங்கவைத்திருந்தால் அங்கே மழையும் அழகு, கொசுவும் அழகு. அமெரிக்காவில் 'அண்டர்கரண்ட்' என்று ஒரு மடல் இதழ் 1975 முதல் விளம்பரமே வாங்காமல் நடக்கிறது. அதன் விமர்சகர்கள் பேரைச் சொல்லாமல், சொந்தக் காசில் போய் உள்ளதை எழுதுகிறார்கள். நம்மவர் அதைத் தவறாமல் படிப்பார். எந்த விடுதிக்குப் போகக் கூடாது என்று தெரிந்துகொள்ள.

அட்டைப்படம்தான் அவருடைய வாழ்நாள் லட்சியம். அதற்குப் படம் நெட்டுவாக்கில் வேண்டும், மேலே பத்திரிகையின் பெயருக்கு இடம் விட வேண்டும், பவளத்தை வியந்து பார்க்க ஒரு மனித முகம் வேண்டும். அந்த முகம் மனைவியுடையது. டார்ச்சைப் பிடித்து, கண்ணை அகல விரித்து, மூச்சுக் குமிழி முகத்தை மறைக்காத கணத்தில் அவர் வியக்க வேண்டும். "இன்னும் எவ்வளவு நேரங்க வியக்கிறது? மாஸ்க்குல தண்ணி வந்திருச்சு" என்பார் படகேறியதும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பார் இவர்.

படம் ஒருவழியாக வெளியாகிறது. பக்கத்தின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் பெயர். பெரியப்பாவிடம் காட்டுகிறார்.

"சங்கரா மீன்தானேடா? கிலோ என்ன விலை?"

"இது சாப்பிடறதுக்கு இல்ல பெரியப்பா."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம் போனே?"

ஸ்கூபாவில் தனியாக இறங்கக் கூடாது. ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஒருவர் காற்றை மற்றவர் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலிண்டரில் 200 பார் காற்றழுத்தத்தில் தொடங்கி 50 பார் மிச்சம் இருக்கையில் மேலே இருக்க வேண்டும் என்பது வழக்கம். நம்மவர் ஒரு நத்தையின் முன்னால் படுத்துவிட்டால் ஜோடியும் கிடையாது, பாரும் கிடையாது. அவரோடு இறங்கியவருக்கு நிச்சயமாகக் கிடைப்பது அதே தேதியும் அதே கடலும் மட்டும்தான்.

அடுத்த விடுமுறையில் இப்படி ஒருவர் உங்களை ஜோடி சேரக் கூப்பிட்டால் தட்டாதீர்கள். நல்ல மனுஷர், பிஸ்கட்டெல்லாம் கொடுப்பார். உங்கள் காற்றை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.