ஓடியவருக்குச் செங்கல்

கோவைக்குச் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் வருகிறதாம். 2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் கிடைத்த வாக்குறுதி. ஒண்டிப்புதூரில் இடமும் பார்த்தாயிற்று. வரட்டும், சந்தோஷமுங்க. மட்டை தூக்கியவனுக்கு இந்த நாட்டில் என்றைக்கும் குறையில்லை. 800 மீட்டர் ஓடியவரின் கதையைக் கேளுங்கள்.

2006 டிசம்பர், தோகா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் செங்கல் சூளைத் தொழிலாளி மகள் சாந்தி சௌந்தரராஜன், 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வென்றார். கையோடு பாலினப் பரிசோதனை. பதக்கம் பறிபோனது. ஊக்கமருந்து இல்லை. மோசடி இல்லை. பிறந்த உடம்போடு ஓடியதுதான் குற்றம். எதற்கான சோதனை என்றே தனக்குச் சொல்லவில்லை என்கிறார் அவர். தட்டிக் கேட்க வேண்டிய விளையாட்டுச் சங்கத்துப் பெரியவர்கள் வாயில் கொழுக்கட்டை. பயணப்படியில் ஒரு ரூபாய் குறைந்திருந்தால் தெரிந்திருக்கும் அவர்கள் தொண்டையின் பலம்.

அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். பணம் சரி. பெட்டி எதற்கு? மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளவா?

பார்க்கவும் நிறைய இருந்தது. 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா அதே 800 மீட்டரில் உலகத் தங்கம் வென்றார். அதே சோதனை. அந்த நாடே கொதித்தெழுந்தது. பதக்கத்தில் யாரும் கைவைக்க முடியவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தன் நாட்டுக் கொடியை ஏந்தி நடந்தார். அதே 2012இல் நம் சாந்தி சூளையில் செங்கல் சுமந்தார். நாளுக்கு 200 ரூபாய் கூலி.

2014இல் ஒடிசாவின் ஓட்டக்காரர் டூட்டி சந்துக்கு இதே நிலை வந்தபோது டெல்லிக்குத் திடீரென்று முதுகெலும்பு முளைத்தது. இந்திய விளையாட்டு ஆணையமே துணைக்கு நின்றது. மறு ஆண்டு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அவரைத் தடுத்த விதியையே நிறுத்திவைத்தது. ஆக, போராட வழி இருந்திருக்கிறது. சாந்திக்காகப் போராட ஆள்தான் இல்லை.

கோவை நேரு ஸ்டேடியத்தில் இருட்டோடு வந்து ஓடும் நம்மூர்ப் பிள்ளைகளில் ஒருத்திக்கு நாளை இது நேர்ந்தால்? கிரிக்கெட் மைதானத்தின் வரைபடத்தைக் காட்டுவார்களா?

2016இல் சாந்திக்கு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. 800 மீட்டரை இரண்டே நிமிடத்தில் கடந்தவரிடம் ஓர் அரசுக் கோப்பு வந்து சேரப் பத்து ஆண்டு பிடித்தது. வேலைதான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன என்பார்கள்.

பதக்கமுங்க. வெள்ளிதான். தங்கம்கூட அவர் கேட்கவில்லை.