ஊசி டாக்டருக்கு என்ன பரிசு?

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். முப்பது வருஷமாகத் தடுப்பூசி, தடுப்பூசி என்றே அலைந்தவர். விழாவில் என்ன கொடுக்கலாம்?
– மேலூர் வாசகர்

சால்வை வேண்டாம். அவர் சர்வீஸில் பார்த்த ஒரே குளிர், தடுப்பூசிப் பெட்டிக்குள் இருந்த 2 முதல் 8 டிகிரிதான். தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணைக்கு வராத குழந்தைகளின் பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். விழாவுக்கு முந்தைய புதன்கிழமை அத்தனை பேரையும் கூட்டிப் போய் ஊசி போட்டுவிட்டு, அடித்து முடித்த பட்டியலை மேடையில் நீட்டுங்கள். மனிதர் கண் கலங்கிவிடுவார். கேடயமும் கொடுக்கத்தான் போகிறீர்கள். அதில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் செய்யும் டாக்டரை ஊரே கும்பிடுகிறது. இவரை ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை?
– சேலம் வாசகி

பிழைத்தவன் கும்பிடுவான். நோயே வராதவன் யாரைக் கும்பிடுவான்? ஊசி போட்ட ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் மட்டும் இவர் பெயர் ஞாபகம் வரும், அடைமொழியோடு.

அப்படி என்னதான் சாதித்துவிட்டார்?
– திருச்சி வாசகர்

வீட்டிலேயே ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, இளம்பிள்ளை வாதம். பாட்டி நாலுக்கும் ஆள் அடையாளம் சொல்வார், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று. பேத்தி, இவையெல்லாம் என்ன என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் சாதனை.

இவர் வேலைக்குச் சேர்ந்த சமயம், 1995-ல், நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டு, செங்கல் சூளை, திருவிழாக் கூட்டம் என்று எங்கே குழந்தை தென்பட்டாலும் இரண்டு சொட்டு, இடது சுண்டு விரலில் மை. (ஓட்டு மைக்கு எதிர்பார்ப்பதுபோல இதற்கு யாரும் பணக் கவரை எதிர்பார்க்கவில்லை.) தமிழ்நாட்டில் கடைசி போலியோ 2004. இந்தியாவில் கடைசி, 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதில் இவர் பெயர் இல்லை. வெயிலில் பெட்டி தூக்கிய செவிலியர்கள் பெயரும் இல்லை. மேடையில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள், பின்வரிசையில் அல்ல.

போலியோ ஒழிந்த பிறகும் சொட்டு மருந்து எதற்கு?
– கரூர் வாசகர்

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் இருக்கிறது. திருடன் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது தாழ்ப்பாளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவீர்களா?

2017-ல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பற்றி வந்த வாட்ஸ்அப் வதந்தியை நானும் பரப்பினேன். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கலாமா?
– பெயர் வேண்டாம்

கேளுங்கள், ஆனால் அதே குரூப்பில். வதந்தி ஊருக்கு, மன்னிப்பு காதோடு காதாக என்றால் கணக்கு டேலி ஆகாது.

ஓய்வுக்குப் பிறகு அவர் என்ன செய்வார்?
– தேனி வாசகி

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக் குழந்தையின் சட்டைக் கையைத் தூக்கி, இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குள் பாயசக்காரர் அவரைத் தாண்டிப் போயிருப்பார்.