எட்டுப் போடச் சொல்லலாமா?

பைக்குக்கு லைசென்ஸ், காருக்கு லைசென்ஸ். அதே ரோட்டில் ஓடும் சைக்கிளுக்கு மட்டும் ஏன் இல்லை?
– மன்னார்குடி வாசகர்

லைசென்ஸ் கேட்பது வேகத்துக்கும் எடைக்கும். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 90 கிலோ, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம். டவுன் பஸ் 15 டன், 40 கிலோமீட்டர் வேகம். இரண்டின் இயக்க ஆற்றலையும் கணக்குப் போட்டால் பஸ்ஸுடையது ஆயிரம் மடங்குக்கு மேல் வரும். பிளஸ் ஒன் பையனிடம் கொடுங்கள், போட்டுக் காட்டுவான். அவனுக்குத்தானே அரசாங்கம் சைக்கிளும் கொடுக்கிறது! 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இயந்திரத்தால் ஓடுவதைப் பற்றித்தான் பேசுகிறது. காலால் மிதிப்பது அதன் கணக்கிலேயே வராது.

அப்படியென்றால் சைக்கிள்காரருக்குச் சட்டமே கிடையாதா? ராங் சைடில் வந்து என் கார் கண்ணாடியைத் தட்டிவிட்டு, என்னையே முறைத்துவிட்டுப் போகிறார்!
– தாம்பரம் வாசகர்

முறைப்பதற்குச் சட்டம் இல்லை. ஆனால் பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி ‘எந்த’ வாகனத்தை ஓட்டினாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு பாயும்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சைக்கிளும் அதில் அடக்கம்.

ராங் சைடு பற்றி ஒரு வார்த்தை. ‘எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாமே’ என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் புத்தி நடப்பவருக்குச் சரி. நீங்கள் 15-ல் போகும்போது, 40-ல் வரும் கார் பின்னாலிருந்து வந்தால் உங்களை நெருங்கும் வேகம் 25. எதிரே வந்தால் 55. அதோடு, சந்திலிருந்து மெயின் ரோட்டில் இடப்பக்கம் திரும்புகிறவர் வலது பக்கம்தான் பார்ப்பார். இடது பக்கத்திலிருந்து நீங்கள் வருவது அவருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் லைசென்ஸ் இருந்ததே, ஐயா! இன்றைய பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?
– கோவை வாசகர்

இருந்தது. வருஷா வருஷம் வரி கட்டினால் ஒரு வில்லை கொடுப்பார்கள். அதை வண்டியில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். ஆனால் அதை வாங்க ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, காசு இருந்தால் போதும். லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் மறிப்பார். டபுள்ஸ் போனாலும் மறிப்பார். கையில் காசில்லாதவனுக்குத் தண்டனை, வால்டியூபைப் பிடுங்கிவிடுவது. வீடு வரை தள்ளிக்கொண்டு போனவர்கள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கனடாவின் டொரோன்டோ நகரமும் 1935-ல் சைக்கிள் லைசென்ஸ் கொண்டுவந்து, 1957-ல் கைகழுவியது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் அருமை: சின்னஞ்சிறு பிள்ளைகள் தங்களுக்கே தெரியாமல் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிடுகிறார்களாம், போலீசுக்கும் பிள்ளைகளுக்கும் ஆகாமல் போகிறதாம். நம் ஊரில் கொண்டுவந்தால் முதலில் மாட்டப் போவது ஈ.சி.ஆர். ரோட்டில் லட்ச ரூபாய் சைக்கிளில் போகிறவர் இல்லை. விடியற்காலையில் கேரியரில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர்தான்.

விதி என்றால் உயிரை விடும் எங்கள் ஊரில்கூடச் சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, கவனித்தீர்களா?
– சிங்கப்பூர் வாசகர்

கவனித்தேன். 2021-ல் அங்கே ஓர் ஆலோசனைக் குழு இதை அலசிவிட்டு, வேண்டாம் என்றே சொன்னது. ஆனால் மோட்டார் உதவியோடு ஓடும் சைக்கிளுக்கு 2022 முதல் தேர்வு எழுத வேண்டும். கோடு போட வேண்டிய இடம் அதுதான். இந்தியாவிலும் 250 வாட்டுக்கு உட்பட்டு, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மின் சைக்கிளுக்குத்தான் லைசென்ஸ் விலக்கு. தாண்டினால் பெடல் இருந்தாலும் அது மோட்டார் வண்டிதான்.

என் மகளுக்குப் பள்ளியில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பைபாஸைக் கடக்க வேண்டுமே என்று தினமும் வயிற்றைக் கலக்குகிறது. லைசென்ஸ் வேண்டாம் சரி, பயிற்சியாவது வேண்டாமா?
– விழுப்புரம் வாசகி

வேண்டும் அம்மா, கட்டாயம் வேண்டும். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த நல்ல திட்டம் இது. வண்டியோடு ஒரு நாள் பாடமும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நெதர்லாந்தில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வோடு நிற்பதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நிஜ ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் நாலாம் வகுப்பிலேயே, பல இடங்களில் போலீஸ்காரரே வந்து சொல்லிக்கொடுக்கிறார். அதற்காக, பாஸ் பண்ணாத பிள்ளையின் சைக்கிளை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை.

நமக்கும் முன்மாதிரி இருக்கிறது. 90-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்நின்றார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் யாரும் போகவில்லை.

அரசு சொல்லித்தரும் வரை மகளுக்கு நீங்களே மூன்று விஷயம் சொல்லுங்கள். வலது பக்கம் திரும்புமுன் தோளுக்கு மேல் பின்னால் பார்த்து, கையை நீட்ட வேண்டும். நிற்கும் கார்களை ஒட்டி ஓட்டாமல் ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். கதவு எப்போது திறக்கும் என்று கடவுளுக்கே தெரியாது. சிக்னலில் பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழைந்து நிற்கவே கூடாது. பஸ் இடது பக்கம் திரும்பினால் டிரைவர் கண்ணுக்கு அவள் தெரியவே மாட்டாள்.

எல்லாப் புத்திமதியும் சைக்கிளுக்கே. கார்காரருக்கு?
– மதுரை வாசகர்

இதோ. இறங்கும்போது கார் கதவை இடது கையால் திறவுங்கள். உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் திறக்கட்டும். நெதர்லாந்துச் சட்டம் இன்னும் கறார்: 14 வயதுக்குட்பட்ட பிள்ளை மீது கார் மோதினால், ஏறக்குறைய எப்போதும் முழு நஷ்ட ஈடும் கார் தரப்பில்தான். எல்.எல்.ஆர். தேர்வில் சைக்கிளைத் தாண்டுவது எப்படி என்று நாலு கேள்வி சேர்த்தால், சைக்கிள்காரருக்கு எட்டுப் போடச் சொல்வதைவிடப் புண்ணியம்.

சைக்கிளுக்கு ஹெல்மெட்?
– ஓசூர் வாசகர்

போடுங்கள். சட்டம் போடச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹேண்டில்பார் – குற்றமா?
– நாகர்கோவில் வாசகர்

ஜப்பானில் குற்றம். 2026 ஏப்ரல் முதல், 16 வயது நிரம்பிய யார் அப்படிப் போனாலும் 5,000 யென் அபராதம். ரெயின்கோட் அதைவிட மலிவு, வாங்கிக்கொள்ளுங்கள்.