இரும்பு வெட்டப் போன கதை

2020 ஊரடங்கில் எங்கள் புதுச்சேரிக் கிராமம் ஏம்பலமே திண்ணையில் குந்தியிருந்தபோது நான் மட்டும் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன், கைப்பேசியில். கிளாஷ் ஆஃப் கிங்ஸ் என்று ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு கோட்டை, கொஞ்சம் படை. உணவு, மரம், இரும்பு, மித்ரில் என்று நாலு வளம். வரைபடத்தில் காலியான டைலைக் (கட்டத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்) கண்டால் படையை அனுப்பி வெட்டி மூட்டை கட்டலாம். மித்ரில் என்றால் என்னவென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. தீர்ந்துபோனால் மட்டும் பதறுவேன்.

ஆட்டக்காரர்கள் பலர் சேர்ந்த ஒரு கூட்டணியில் என்னைச் சேர்த்துவிட்டவன் பங்காளி வீட்டுப் பையன். ஒன்பதாம் வகுப்பு. பதவி ஆர் 1-இல் தொடங்கி ஆர் 5 வரை உண்டு. அவன் ஆர் 4. நான் ஆர் 1, பண்ணையாள் மாதிரி. இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்து பதினோரு வருடம். அவன் தாத்தா எனக்குப் பெரியப்பா. வயலில் அண்டை கழிக்கும்போது தன் பக்கம் வரப்பைச் சீவி, அந்த மண்ணை எங்கள் பக்கம் அணைப்பார். வருடத்துக்கு நாலு விரல்தான். வரப்பின் அகலம் மாறாது, இருக்கிற இடம்தான் மாறும்.

ஒருநாள் ராத்திரி கொழுத்த இரும்புச் சுரங்கம் ஒன்று கண்ணில் பட்டது. யாரோ ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடித்து விரட்டினேன். ஐந்து நிமிடத்தில் பையனிடமிருந்து போன்.

"சித்தப்பா, யாரைக் கேட்டு அடிச்சீங்க? அது அவங்க எல்லை. நம்மகூட ஒப்பந்தம் போட்டிருக்காங்க."

"ரெண்டு மூட்டை இரும்புதானேடா..."

"முதல்ல வந்து வெட்டுறவனை அடிக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டுட்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடுங்க."

இது யார் வீட்டுப் பேரன் பேசுகிற பேச்சு! வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

கூட்டணியிலிருந்து என்னைத் துரத்துவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வேறு. எங்கள் வட்டாரத்துக்கு அது புதிதில்லை. பக்கத்துக் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேரும் வேண்டாம் என்று 8 பேரும் சொன்னார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி காகிதம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆனது. என் வழக்கு பத்து நிமிடத்தில் முடிந்தது: இருக்கலாம், இரும்புப் பக்கம் தலைவைக்கக் கூடாது, பாக்கியை நாலு தவணையில் கட்ட வேண்டும்.

அந்த விளையாட்டில் எல்லை என்றால் வரைபடத்தில் பளிச்சென்று காட்டுவார்கள். புதுச்சேரிக்காரனுக்கு இது வேடிக்கை. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் இழுத்த இழுப்பில் எங்கள் ஊர்கள் தோசைக்கல்லில் தெறித்த தண்ணீர் மாதிரி கிடக்கின்றன. பேருந்தில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் தமிழ்நாடு, இன்னொரு தூக்கத்தில் மறுபடி புதுச்சேரி. பாகூர் ஏரி எங்களுடையது. அதற்குப் பங்காரு வாய்க்கால் கொண்டுவருகிற தென்பெண்ணைத் தண்ணீர் பிரியும் சொர்ணாவூர் அணைக்கட்டோ தமிழ்நாட்டில். ஆர் 5-ஐயே கூட்டிவந்தாலும் தலை சுற்றும்.

இரண்டு தவணை கட்டியிருப்பேன். ஜூன் 29-இல் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கோடு எங்கள் ராஜ்ஜியமும் போயிற்று. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். எனக்கும் வருத்தம்தான், மிச்ச இரண்டு தவணை ஞாபகம் வரும்வரை.

ஆவணியில் பெரியப்பா அண்டை கழிக்க இறங்கினார். நான் என் பக்கம் நின்று வானத்தைப் பார்த்தேன். பேச்சுதான் கிடையாதே. கஞ்சி கொண்டுவந்த பையன் மண்வெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தாத்தா, அது சித்தப்பா டைலு. திரும்பி வா."

பெரியப்பா நிமிர்ந்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஏண்டா, வயலுக்கு டைல்ஸ் ஒட்டப் போறியாமே?"