சூட்டைச் சொல்லு, அழுத்தத்தைச் சொல்றேன்

வாடா பேராண்டி! கம்மாபுரத்துல பஸ்ஸ வுட்டு எறங்கினதுலேருந்து ஊரையே வெலைக்கு வாங்கினவனாட்டம் நடக்கற. நெய்வேலி தெர்மல்ல அப்ரண்டிஸாமே? கெமிக்கல் டிப்ளமா வேற. அப்ப இந்தக் கெழவனுக்கு ஒண்ணு சொல்லு: மூடி போட்ட குண்டான்ல வெறும் தண்ணியும் அதோட ஆவியும் மட்டும், 45 டிகிரியில இருக்கு. ஆவியோட அழுத்தம் எவ்ளோ?

"குண்டான் எவ்ளோ பெருசு தாத்தா?"ங்கற. போச்சுடா, காலேஜுல கட்டின பணம் கோவிந்தா! அண்டாவா இருந்தா என்னா, சொம்பா இருந்தா என்னா? உள்ள ஒரு சொட்டு தண்ணி மிச்சமிருக்கற வரைக்கும் சூடு மட்டும்தான் பேசும். ஆனா சரக்கு சுத்தமா இருக்கணும். உப்பக் கரைச்சா அழுத்தம் எறங்கிடும். நம்ம டீக்கடைப் பாலுக்கெல்லாம் இந்தக் கணக்கு செல்லாது. அதுல பால் எவ்ளோன்னு கடைக்காரனுக்கே தெரியாது.

இன்னொரு புத்திசாலித்தனமும் பண்ணுவ, எனக்குத் தெரியும். 20 டிகிரிக்குப் பாதரசக் கணக்குல 17.5 மில்லிமீட்டர், 60 டிகிரிக்கு 149. அப்ப நடுவுல 40க்கு ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி 83ன்னுவ. உண்மையில 55தான். இது நேர்கோட்டுல ஏறாதுடா, மீட்டர் வட்டியாட்டம் ஏறும். 20க்கு 17.5, 30க்கு 32, 40க்கு 55. பத்து டிகிரிக்கு ஒருதரம் ஏறக்கொறைய முக்கால் பங்கு கூடிக்கிட்டே போவுது.

இத மடக்கிப் புடிக்கத்தான் 1888ல பிரான்சு தேசத்து அந்துவான் ஒரு சூத்திரம் போட்டான். தண்ணிக்கு மூணே எண்: 8.07131, 1730.63, 233.426. கடைசி எண்ணோட நம்ம 45 டிகிரி சூட்டக் கூட்டு: 278.426. அதால ரெண்டாவத வகு: 6.216. மொதல் எண்ணுல கழி: 1.855. அது மடக்கை. பத்தோட அடுக்குல அத ஏத்தினா 72 மில்லிமீட்டர். ஆச்சு!

ஆனா உன் கால்குலேட்டர்ல மடக்கைக்கு ரெண்டு பொத்தான் இருக்கு. பத்துக்குப் பதிலா இயல் மடக்கைப் பொத்தானத் தட்டினன்னு வையி, 6 சொச்சம் வரும். அது 5 டிகிரி தண்ணியோட அழுத்தம். சித்திரை வெயில்ல நெய்வேலிக்கு மட்டும் ஊட்டிக் குளிரக் கொண்டாந்தவன்னு உனக்கு மாலை போடுவாங்க. அப்பறம் அந்த மூணு எண்ணும் 100 டிகிரி வரைக்குந்தான். அதையே தூக்கிக்கிட்டு பாய்லர்கிட்ட போயி நிக்காத. அங்க வேற மூணு.

"இதெல்லாம் கம்ப்யூட்டரே சொல்லுது தாத்தா"ங்கற. சொல்லும், சொல்லும். டர்பைன்லேருந்து வர்ற ஆவிய கன்டென்சர்ல குளுர வெச்சித் தண்ணியாக்கறமே, அங்க வேக்குவம் எவ்ளோ நல்லா இருக்கோ, டர்பைன் அவ்ளோ கூட வேல செய்யும். ஆவி 45 டிகிரின்னா உள்ள 72 இருக்கணும். கேஜ் 90 காட்டினா? ஒண்ணு, கேஜ் பொய் சொல்லுது. இல்லன்னா எங்கியோ காத்து உள்ள பூந்து, அந்த மிச்சம் 18க்கும் அதுதான் குந்தியிருக்கு. கம்ப்யூட்டரு 90ன்னு காட்டிட்டு சும்மா இருக்கும். அது ஏன் 72 இல்லன்னு கேக்கறதுக்குத்தான் உனக்கு ஸ்டைபண்டு.

1962ல ரஷ்யாக்காரன் ஒத்தாசையோட ஓட ஆரம்பிச்ச மொத தெர்மல் 2020ல நின்னு போச்சி. மிஷின் மாறிடும், கேஜ் மாறிடும், மேனேஜரும் மாறிடுவாரு. 45 டிகிரி தண்ணிக்கு 72ங்கறது மட்டும் மாறாது. அதனால ஷிப்டுக்குப் போனதும் மொதல்ல சூட்டப் பாரு, கணக்கப் போடு, அப்பறம் கேஜப் பாரு. ரெண்டும் ஒத்துப் போவலயா, தூங்கற சூப்பர்வைசர எழுப்பு. திட்டுவாரு. வாங்கிக்க.