நாலு மாத வீட்டுக்காரன்

வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டைத் தாண்டிய பெடியன் எப்படியும் ஒருநாள் வீட்டுக்காரன் ஆகிவிடுகிறான். வயது இருபது. சொந்தமென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. சொத்துக் கணக்கெடுத்தால் ஒரு மடிக்கணினி, ஒரு ரைஸ் குக்கர், அம்மா வறுத்து இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் போத்தல் ஒன்று. ஆனாலும் அறை வாடகைக்கு விடுகிறான். அதுவும் ஆள் பார்த்துத்தான் விடுகிறான்.

பழி பல்கலைக்கழகத்தையே சேரும். 1957இல் தொடங்கியபோதே, பொறியியல் மாணவர்கள் வகுப்பிலேயே குந்தியிருக்கக் கூடாது, இடையிடையே கொம்பனிகளுக்கும் போய் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். கோ-ஆப் என்று இன்று தாய்மார் கோவிலில் பெருமையாகச் சொல்வது அதைத்தான். நாலு மாதம் படிப்பு, நாலு மாதம் வேலை. அங்குள்ள கட்டட முதலாளிகளோ 12 மாதத்துக்குக் குறைந்த ஒப்பந்தம் என்றால் பேனா மூடியைக் கழற்றுவதில்லை. 12ஐ 4ஆல் வகுத்தால் மீதி வராது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வாட்டர்லூவில் மீதி வரும். மாதம் 850 டொலர் வரும்.

எங்கள் பெடியன் ஸ்காபரோக்காரன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ரொறன்ரோ டவுன்டவுனில் வேலை உறுதி. தாய் வீட்டிலிருந்தே போய்வரலாம், சோறும் கறியும் அங்கேயே. 120 கிலோமீற்றருக்கு அப்பால் கொலம்பியா வீதியில் எடுத்து வைத்திருக்கும் அறை மட்டும் நாலு மாதம் சும்மா கிடக்கும். கிடக்க விடுவானா? சப்லெட் விளம்பரம் எழுத உட்கார்ந்தான். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. ‘குளிர் புகாத அறை’ என்று எழுதினான். பக்கத்து அறைக்காரன் விடிய மூன்று மணிக்கு டிரம்ஸ் பழகுவான். ‘கலைஞர்கள் வாழும் சூழல்’ என்று எழுதினான்.

ஆட்கள் பார்க்க வரத் தொடங்கியதும் குரலே மாறிவிட்டது. சிகரெட் உண்டா? இரவில் சத்தம் போடுவீரா? வாசனை கிளம்பும் சமையல் ஏதாவது? கேட்டது யார் என்றால், போன ஒக்டோபரில் கருவாடு பொரித்து ஐந்து மாடிகளுக்குப் புகை எச்சரிக்கை மணி அடிக்க வைத்தவன். ஒன்ராறியோச் சட்டப்படி கடைசி மாத வாடகையை மட்டுமே முற்பணமாக வாங்கலாம், பொருள் சேதத்துக்கென்று தனியாக ஒரு சதமும் வாங்கக் கூடாது. சென்ற வருடம், தான் வாடகைக்கு வந்தபோது, இந்தப் பகுதியை அச்சடித்து முதலாளியின் மூக்குக்கு முன்னால் நீட்டியவன் அவன். இப்போது அதையே மறுபடி வாசித்துவிட்டு, சட்டம் ஒருபக்கச் சார்பானது என்று தாயிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

கடைசியில் பிரம்டனிலிருந்து வந்த ஓர் அமைதியான முதலாம் ஆண்டு மாணவன் தேறினான். கட்டடக்காரரின் சம்மதம் வாங்கி, பெடியனே நான்கு பக்க ஒப்பந்தம் தயாரித்தான். ஆறாவது நிபந்தனை தடித்த எழுத்தில்: எக்காரணம் கொண்டும் இடையில் ரத்துச் செய்ய முடியாது.

டிசம்பர் நடுவில் கொம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வணிகச் சூழல் மாறிவிட்டதாம், வருந்துகிறார்களாம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகிறார்களாம். ஏற்றுக்கொண்ட வேலையை மாணவன் கைவிட்டால் பல்கலைக்கழகம் கூப்பிட்டு விசாரிக்கும், தண்டிக்கவும் செய்யும். கொம்பனி கைவிட்டால் அதற்குப் பெயர் சூழல். தாய்க்கோ வேறு கவலை. ரிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அர்ச்சனை முடித்து, கோவிலில் பாதிப் பேருக்கு டவுன்டவுன் வேலை பற்றிச் சொல்லியும் முடித்திருந்தா. மற்றப் பாதிக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

நாலு மாதத்தை வீணாக்காமல், அனுமதி வாங்கி அதைப் படிப்புத் தவணையாக மாற்றிக்கொண்டான். நல்ல முடிவுதான். ஆனால் படிப்பு வாட்டர்லூவில், வகுப்பு ஜனவரி முதல் வாரத்தில், படுக்க இடம் இல்லை.

முதலில் தன்னுடைய அறையையே கேட்டுப் பார்த்தான். பிரம்டன் பையன் மரியாதையாக மறுத்துவிட்டு, ஆறாவது நிபந்தனையைப் படமெடுத்து அனுப்பினான். தடித்த எழுத்து படத்திலும் தெளிவாகத் தெரிந்தது.

இதே சங்கடம் மே மாதத்தில் நேர்ந்திருந்தால் பிரச்சினையே இல்லை. கோடையில் வாட்டர்லூ பாதி காலி. 12 மாத ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அறையை எந்த விலைக்கும் தள்ளிவிடக் காத்திருப்பார்கள். டிசம்பர் கடைசியில் மிஞ்சுவது வேறு ரகம். கதவுக்குப் பதில் திரைச்சீலை தொங்கும் அறை. ஏழு பேருக்கு ஒரு குளியலறை, அதற்குச் சுவரில் நேர அட்டவணை. ‘நான் இப்போது நாட்டில் இல்லை, பணத்தை அனுப்பு, திறப்பு தபாலில் வரும்’ என்கிற பரோபகாரி. இந்த மனிதர் ஒவ்வொரு தவணையும் வருவார், அவருடைய திறப்பு மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. அறையைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

உண்மையான அறைகள் இருந்த இடங்களில் பெடியன் நேர்முகத்துக்கு நின்றான். சிகரெட் உண்டா என்று கேட்டார்கள். இரவில் சத்தமா என்று கேட்டார்கள். சமையல் வாசனை பற்றிக் கேட்டபோது, இவ்வளவு தனிப்பட்ட கேள்விகளைக் கேட்க இவர்களுக்கு என்ன உரிமை என்று அவனுக்குக் கோபம் வந்ததாம்.

கடைசியில் தாய் தொலைபேசியை எடுத்தா. கனடா எவ்வளவு பெரிய நாடாகவும் இருக்கட்டும், ஸ்காபரோத் தாய்க்கு ஆள் இல்லாத ஊர் அதில் கிடையாது. கிச்சினரில் அவவுக்கு ஓர் ஒன்றுவிட்ட அண்ணை இருந்தார். கடைசியாகக் கண்டது ஒரு செத்தவீட்டில். அது போதும்.

“வாடகையோ? என்ன கதை கதைக்கிறீர் தம்பி?” என்றார் மாமா. “பேஸ்மென்ட் சும்மாதானே கிடக்கு. எங்கட பிள்ளையிட்டக் காசு வாங்கிறதோ?”

வீட்டுக்காரரோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்கிறவருக்கு ஒன்ராறியோவின் வாடகைச் சட்டம் பொருந்தாது. அது மாமா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றுவிட்டது. உள்ளே மாமாவின் சட்டம். கிரேட் 9 படிக்கும் மகனுக்குப் பின்னேரத்தில் கணக்கு. சனிக்கிழமை மாமியைத் தமிழ்க்கடைக்குக் கூட்டிப்போய் அரிசி மூட்டை தூக்குவது. “கொம்பியூட்டர்தானே படிக்கிறீர், இந்தப் பிரின்ரரை ஒருக்காப் பாருமன்.” பிரின்ரர் 2011இல் வாங்கியது. அதைப் பார்க்க மூன்று தவணைப் படிப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்னோ. இரட்டைக் கார் நிற்கும் பாதை, மூலைக் காணி என்பதால் நடைபாதையும் இரண்டு பக்கம். விடிய ஆறு மணிக்கு மேலே மாமாவின் இருமல் கேட்டால், இரவு ஸ்னோ கொட்டியிருக்கிறது என்று பொருள். 2019இல் ஓடத் தொடங்கிய இலகு ரயில் அவனைக் கிச்சினரிலிருந்து வளாகத்துக்குக் கொண்டுபோகும். அதில் ஏறுவதற்குள் இடுப்பு பிடித்துவிடும்.

இதற்கிடையில் அவன் வீட்டுக்காரனாகவும் இருந்தான் என்பதை மறக்கக் கூடாது. கட்டடத்துக்கு 850 கட்டுகிறான். பிரம்டன் பையனிடம் 700 வாங்குகிறான். அறையில் மட்டும் அவன் இல்லை. ஒரு பெப்ரவரி நடுச்சாமம், இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது பையனிடமிருந்து செய்தி வந்தது: ஹீட்டர் வேலை செய்யவில்லை. பேஸ்மென்ட் ஹீட்டரும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. மேலே போய்ச் சொன்னபோது மாமா, “நாளைக்குப் பாப்பம்” என்றிருந்தார். பெடியன் சிறிது யோசித்தான். பிறகு, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று பதில் எழுதிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

மார்ச் கடைசியில் ஒட்டாவாவில் ஒரு வேலை உறுதியானது. சம்பளமும் பரவாயில்லை. அவன் மேலே ஓடிப்போய்ச் சொன்னான். மாமி வாயில் சீனி போட்டா. மாமாவின் முகம் மட்டும் கொஞ்சம் வாடியது.

“எப்ப தொடங்குது?”

“மே மாசம், மாமா.”

“மேயோ?” மாமா ஜன்னலால் டிரைவ்வேயை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “அப்பப் பரவாயில்லை. சந்தோஷமாப் போட்டு வாரும்.”